காதுக்குள் அடைபடும் காற்று

புது இயர்போன் வாங்கிப் பெட்டியைப் பிரித்தால், உள்ளே ஒரு சின்னப் பிளாஸ்டிக் உறையில் நான்கு ரப்பர்கள் கிடக்கும். சிறியதில் ஒரு ஜோடி, பெரியதில் ஒரு ஜோடி. பெரும்பாலான வீடுகளில் அந்த உறை அன்றைக்கே மேசை இழுப்பறைக்குள் போய்விடும். அதன் பிறகு யாரும் அதைத் தேடுவதில்லை.

சென்ற ஆண்டு என் தம்பி மகள் ஓர் இயர்போனைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். ஒயர் உள்ள, காதுக்குள் செருகும் வகை. விலை ஆயிரத்து முந்நூறு ரூபாய். கூடுவாஞ்சேரியில் மின்ரயில் ஏறி எழும்பூரில் இறங்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகும். போக ஒரு மணி, வர ஒரு மணி. அந்த இரண்டு மணி நேரத்துக்காகவே சேர்த்து வைத்த பணத்தில் வாங்கியது.

“இது சரியில்ல அத்தை. பாட்டு ஏதோ டப்பாக்குள்ள இருந்து வர்ற மாதிரி இருக்கு. பாஸே இல்ல. ரிட்டர்ன் போட்டுடலாமா?”

காதில் போட்டுக் காட்டச் சொன்னேன். வலது பக்கம் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. இடது பக்கம் ரப்பருக்கும் காதுக்கும் நடுவே, மேல் விளிம்பில், நூல் கனத்துக்கு ஓர் இடைவெளி தெரிந்தது. பெட்டியைக் கொண்டுவரச் சொல்லி, உறையிலிருந்து பெரிய ரப்பரை எடுத்து இடது பக்கத்துக்கு மட்டும் மாட்டினேன். காது மடலை மேலாகவும் பின்னாகவும் லேசாக இழுத்துப் பிடித்துக்கொண்டு செருகச் சொன்னேன். அதே இளையராஜா பாட்டைத் திரும்பப் போட்டாள். முதல் சரணம் வருவதற்குள் அவள் கண்கள் விரிந்தன. “அத்தை, கீழ பாஸ் கிட்டார் ஒண்ணு ஓடிட்டே இருக்கு!”

பாட்டும் அதேதான், போனும் அதேதான், இயர்போனும் அதேதான். மாறியது ஒரே ஒரு ரப்பர். குறைந்த பணத்தில் நல்ல இயர்போன் தேடுகிற எவரும் முதலில் புரிந்துகொள்ள வேண்டியது அன்று அவள் காதில் நடந்ததைத்தான். இயர்போன் ஒலியில் பாதியைத்தான் உண்டாக்குகிறது. மீதிப் பாதி, ரப்பருக்கும் செவிப்பறைக்கும் இடையே அடைபட்டிருக்கும் துளிக் காற்றில் உருவாகிறது.

சிரிஞ்சும் விரலும்

வீட்டில் ஊசி இல்லாத பழைய சிரிஞ்சு இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாயை விரலால் இறுக்கமாக மூடிக்கொண்டு தண்டை அழுத்துங்கள். உள்ளிருக்கும் காற்று எதிர்த்துத் தள்ளும். தண்டு கொஞ்சம் நகர்ந்தாலே அழுத்தம் ஏறுவது விரலில் தெரியும். இப்போது விரலை லேசாகத் தளர்த்தி, தண்டை மெதுவாகத் தள்ளுங்கள். காற்று சத்தமில்லாமல் வெளியேறிவிடும், அழுத்தமே ஏறாது. அதே தளர்வான விரலோடு தண்டைப் படக்கென்று தள்ளினால் ஒரு கணம் அழுத்தம் ஏறும். வெளியேறுவதற்குக் காற்றுக்கு நேரம் கிடைக்கவில்லை என்பதுதான் காரணம்.

காதுக்குள் நடப்பதும் இதுதான். இயர்போனுக்குள் இருக்கும் மெல்லிய சவ்வு சிரிஞ்சின் தண்டு. காதுக்குழாய் சிரிஞ்சின் உடல். ரப்பர்தான் விரல். ஐம்பது ஹெர்ட்ஸ் என்ற தாழ்ந்த ஒலிக்காகச் சவ்வு ஒரு திசையில் நகர்ந்து முடிக்க ஒரு விநாடியின் ஆயிரத்தில் பத்துப் பங்கு ஆகிறது. மூவாயிரம் ஹெர்ட்ஸ் ஒலிக்கு அதில் அறுபதில் ஒரு பங்கு நேரம் போதும். ரப்பரில் கசிவு இருந்தால், மெதுவான அசைவில் பிறக்கும் தாழ்ந்த ஒலியான பாஸ் முழுவதும் அதன் வழியே போய்விடும், வேகமான அசைவில் பிறக்கும் உயர்ந்த ஒலிகள் தப்பிவிடும். மிஞ்சுவது கீச்சுக் குரல் மட்டும். தம்பி மகள் சொன்ன ‘டப்பா’ சத்தம் அதுதான்.

கசிவு இல்லாமல் அடைத்துவிட்டாலோ வேலை வியக்கத்தக்க அளவுக்கு எளிதாகிவிடும். வீட்டு ஸ்பீக்கர் ஓர் அறைக் காற்றையே அசைக்க வேண்டும், அதனால்தான் அதன் கூம்பு அகன்றிருக்கிறது. காதுக்குழாயில் ரப்பருக்கு அப்பால் எஞ்சும் காற்று ஏறத்தாழ அரை முதல் ஒரு கன சென்டிமீட்டர், ஒரு தேக்கரண்டியில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மிகாது. அவ்வளவு சிறிய இடத்தில் 94 டெசிபல் என்ற பெரும் சத்தத்தை எழுப்பக்கூட, 10 மில்லிமீட்டர் சவ்வு ஒரு தலைமுடியின் தடிமனில் நூறில் ஒரு பங்கு அசைய வேண்டியதில்லை. குறைந்த விலையிலும் நல்ல இயர்போன் செய்ய முடிவதற்கு அடிப்படைக் காரணம் இதுதான். இயற்பியல் அதன் பக்கம் நிற்கிறது, காற்று அடைபட்டிருக்கும்வரை.

குழாய்க்கு என்று ஒரு சுருதி

பேனா மூடியின் விளிம்பில் ஊதினால் விசில் வரும். மூடியின் நீளம்தான் அந்த விசிலின் சுருதியைத் தீர்மானிக்கிறது. நம் காதுக்குழாயும் ஒரு பக்கம் மூடிய குழாய்தான். நீளம் சுமார் இரண்டரை சென்டிமீட்டர், கோடியில் செவிப்பறை. அந்த நீளத்துக்கு ஏற்றபடி 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளை அது இயல்பாகவே பெருக்கிக் கொடுக்கிறது. சொற்களைப் பிரித்தறிய உதவும் ஒலிகளில் பல அந்தப் பகுதியில்தான் இருக்கின்றன. பிறந்ததிலிருந்து இந்தப் பெருக்கத்தோடுதான் நாம் உலகத்தைக் கேட்கிறோம். நம் மூளைக்கு அதுவே ‘இயல்பான’ ஒலி.

குழாயின் வாயை இயர்போனால் அடைத்ததும் கணக்கு மாறிவிடுகிறது. இரு பக்கமும் மூடிய குழாயாகிவிடுவதால் பழைய ஒத்ததிர்வு மறைந்து, வேறோர் உயர்ந்த இடத்துக்குத் தாவுகிறது. காது இழந்த அந்த 3,000 ஹெர்ட்ஸ் மேட்டை இயர்போன்தான் திருப்பித் தர வேண்டும். குறைவாகத் தந்தால் பாடகரின் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கும். அதிகமாகத் தந்தால் ‘ச’, ‘ஸ’ வரும் இடமெல்லாம் காதைக் கீறும். சவ்வுக்கு முன்னும் பின்னும் எத்தனை நுண்துளை, எவ்வளவு நெருக்கமான வலை, குழல் எவ்வளவு நீளம் என்று பார்த்துப் பார்த்து இந்த மேட்டைச் சரிசெய்வதைத்தான் ‘டியூனிங்’ என்கிறார்கள்.

டியூனிங்குக்கு வேண்டியது அறிவும் பொறுமையும், விலையுயர்ந்த உலோகம் தேவையில்லை. அதனால்தான் விலைக்கும் ஒலிக்கும் நாம் நினைக்கிற உறவு இல்லை. ஜெரோன் பிரீபார்ட் என்ற ஒலியியல் ஆய்வாளர் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், 283 ஹெட்போன்களின் அளவீடுகளை அவற்றின் விலையோடு ஒப்பிட்டார். எந்தச் சுருதியை எவ்வளவு உரக்கத் தருகிறது என்பதற்கும் விலைக்கும் இடையே தொடர்பு எதையும் அவரால் காண முடியவில்லை. விலை ஏற ஏற ஒலி ஏறும் என்று நம்பிப் பணத்தைக் கொட்டுகிறவர்கள் இந்த ஒரு முடிவையாவது நினைவில் வைக்க வேண்டும்.

இந்த அறிவு சந்தைக்கும் வந்துசேர்ந்துவிட்டது. எந்த டியூனிங் பெரும்பாலானோருக்குப் பிடிக்கிறது என்று ஷான் ஆலிவும் அவருடைய சக ஆய்வாளர்களும் ஹார்மன் நிறுவனத்தில் பல ஆண்டுகள் கேட்போரை வைத்துச் சோதித்து, ஒரு மாதிரி வரைகோட்டைத் தந்தார்கள். சீனத்தின் சிறு நிறுவனங்கள் இத்தகைய ஆய்வுகளைப் பயன்படுத்திக்கொண்டன. 2022-இல் வந்த மூன்டிராப் சூ, செவன்ஹெர்ட்ஸ் சால்நோட்ஸ் ஜீரோ போன்றவை சுமார் இருபது டாலர் விலையில், ஒயரோடு, பல மடங்கு விலையுள்ளவற்றுக்கு அருகில் வைத்துப் பேசப்பட்டன. இவற்றைத்தான் வாங்க வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த விலையில் அவ்வளவு நல்ல ஒலி சாத்தியம் என்பதற்கு இவை சாட்சி.

டியூனிங் எப்படி இருக்கிறது என்று பார்க்க நம்மிடமே ஓர் அருமையான கருவி இருக்கிறது: மிருதங்கம். பொதுவாகத் தோல் வாத்தியங்களின் மேற்சுரங்கள் ஒன்றோடொன்று இசையாமல் சிதறிக்கிடக்கும். மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலையில் உள்ள கரணை என்ற கரும்பூச்சு அவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவந்து, தந்தி வாத்தியம்போல் தெளிவான சுருதி தர வைக்கிறது என்பதை சி.வி. ராமன் 1920-இலேயே எழுதினார். இடது பக்கத் தொப்பி தருவதோ ஆழ்ந்த கும்கி. ஆக ஒரே வாத்தியத்தில் கீழும் இருக்கிறது, மேலும் இருக்கிறது. ஒரு தனி ஆவர்த்தனத்தைப் போட்டுக் கேளுங்கள். தொப்பியின் கும்கி இழையாமல் வெறும் ‘டப்’ என்று நின்றால் காற்று கசிகிறது. வலந்தலையின் நாதம் மங்கியிருந்தாலோ, விரல் படும் ஓசை மட்டும் ஊசிபோல் குத்தினாலோ டியூனிங் சரியில்லை. கசிவை ரப்பர் சரிசெய்யும், டியூனிங்கைச் சரிசெய்யாது. பழுது எதில் என்று தெரிந்தால்தான் மாற்ற வேண்டியது ரப்பரா இயர்போனா என்று முடிவெடுக்கலாம்.

பெட்டியின் மேல் எழுதியிருப்பவை

‘20 – 20,000 ஹெர்ட்ஸ்’ என்று எல்லாப் பெட்டியிலும் அச்சிட்டிருப்பார்கள். மனிதக் காதின் எல்லையும் ஏறக்குறைய அதேதான். ஆனால் அந்த எல்லைக்குள் எந்த ஒலி எவ்வளவு ஏறுகிறது, இறங்குகிறது என்று சொல்லாதவரை அந்த எண்ணுக்குப் பொருளில்லை. ‘இரட்டை டிரைவர்’, ‘நான்கு டிரைவர்’ என்பதும் அப்படித்தான். டிரைவர் என்பது ஒலியை எழுப்பும் உறுப்பு. ஒன்றையே நன்றாக டியூன் செய்தவர் நான்கை அள்ளிப் போட்டவரைவிட நல்ல ஒலி தர முடியும்.

டிரைவர்களில் இரண்டு வகையை அடிக்கடி சொல்வார்கள். ‘டைனமிக்’ என்பது ஸ்பீக்கரின் சின்ன வடிவம்: காந்தம், கம்பிச்சுருள், சவ்வு. இதைச் செய்ய ஆகும் செலவு குறைவு, பாஸ் இயல்பாக வரும். ‘பேலன்ஸ்டு ஆர்மேச்சர்’ என்பது காது கேட்கும் கருவிகளுக்காக அரிசி மணி அளவுக்குச் சுருக்கப்பட்ட தொழில்நுட்பம். மீட் கில்லியன் என்ற செவியியல் பொறியாளர் 1983-இல் தொடங்கிய எட்டிமோட்டிக் நிறுவனம், 1991-இல் ஈஆர்-4 என்ற இயர்போனில் இதை இசை கேட்கக் கொண்டுவந்தது. ஆழமாகச் செருகும் மூன்றடுக்கு ரப்பர் அதன் அடையாளம். நல்ல ஒலிக்கு முதல் நிபந்தனை காற்று கசியாமை என்பதை அந்தக் காலத்திலேயே உணர்ந்து செய்த வடிவம் அது. இரண்டாயிரம் ரூபாய்க்குள் வாங்குகிறவருக்கு நல்ல ஒற்றை டைனமிக் டிரைவரே போதும்.

ஒயரா, ஒயர்லெஸ்ஸா? ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்க்கு ஒயர்லெஸ் இயர்பட்ஸ் வாங்கினால், அந்தப் பணம் மூன்று பேட்டரிக்கும், புளூடூத் சிப்புக்கும், மைக்குகளுக்கும், சார்ஜ் போடும் பெட்டிக்கும் பங்கு பிரிந்துவிடும். டிரைவருக்கு மிஞ்சுவது சொற்பம். ஒயர் உள்ளதில் அதே பணம் பெரும்பாலும் ஒலிக்கே போகிறது. கடுகளவு லித்தியம் பேட்டரிகள் சில ஆண்டுகளில் தளர்ந்துவிடும், பெரும்பாலான மாடல்களில் அவற்றை மாற்றவும் வழியில்லை. ஆனால் நெரிசலில் நிற்கிறவருக்கு ஒயரின் தொல்லை உண்மையானது. பக்கத்தில் நிற்பவரின் பை கொக்கியில் மாட்டி ஒயர் அறுந்த அனுபவம் பலருக்கும் உண்டு. கூட்டத்தில் நின்றுகொண்டே போகிறவர் ஒயர்லெஸ் வாங்குவதில் தவறில்லை. உட்கார இடம் கிடைக்கிறவருக்கு ஒயர் லாபம். போனில் ஜாக் துளை இல்லையென்றால், டைப்-சி முனையோடு வரும் இயர்போனோ ஒரு சின்ன இணைப்பியோ போதும்.

இரைச்சல் நீக்கும் ‘ஏஎன்சி’ வசதி வேண்டுமா என்று கேட்பார்கள். வெளிச் சத்தத்தை மைக்கால் பிடித்து, அதற்கு நேரெதிரான அலையைக் காதுக்குள் செலுத்தி இரண்டையும் ஒன்றையொன்று அழிக்க வைக்கும் உத்தி இது. பால் லூயெக் என்ற ஜெர்மானியருக்கு இதற்கான அமெரிக்கக் காப்புரிமை 1936-இலேயே கிடைத்துவிட்டது. மோட்டார் உறுமல்போன்ற தாழ்ந்த, தொடர்ச்சியான ஒலிகளில் இது நன்றாக வேலை செய்யும். பேச்சு, ஹாரன், தண்டவாளக் கிறீச்சொலி ஆகியவற்றை ரப்பர்தான் தடுக்க வேண்டும். அந்த எதிரலையும் காதுக்குள் அடைபட்ட காற்றில்தான் உருவாகிறது. ரப்பர் கசிந்தால் அதுவும் வீண்.

ரயில் இரைச்சலும் வாரக் கணக்கும்

அன்று தம்பி மகள் செய்த இன்னொன்றை இங்கே சொல்ல வேண்டும். பாஸ் கிட்டாரைக் கேட்டு வியந்த அடுத்த நிமிடம், அவள் கட்டைவிரல் தானாகவே வால்யூம் பொத்தானுக்குப் போய் மூன்று படி இறக்கியது. யாரும் சொல்லவில்லை. காது கேட்டது, கை செய்தது.

ஓடும் மின்ரயிலுக்குள் இரைச்சல் சுமார் 80 டெசிபல் என்று வைத்துக்கொள்வோம். கசிகிற இயர்போனில் பாட்டு அந்த இரைச்சலுக்கு மேலே எழ வேண்டும். கை தானாக 90 டெசிபலை நோக்கி ஏற்றிவிடும். நன்றாகப் பொருந்திய ரப்பர் வெளி இரைச்சலைச் சுமார் 20 டெசிபல் குறைக்கும். டெசிபல் கணக்கில் ஒவ்வொரு பத்தும் பத்து மடங்கு ஆற்றல். அதாவது நூறில் ஒரு பங்கு இரைச்சல்தான் உள்ளே போகிறது. இப்போது 70, 75 டெசிபலிலேயே பாட்டு தெளிவாகக் கேட்கும்.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம்? உலகச் சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியமும் சேர்ந்து வகுத்த வரம்பு, பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம். சத்தம் மூன்று டெசிபல் ஏறினால் ஆற்றல் இரட்டிப்பாகும், அதனால் நேரம் பாதியாகும். 83-இல் 20 மணி, 86-இல் 10 மணி, 89-இல் வெறும் 5 மணி. தினமும் போக ஒரு மணி, வர ஒரு மணி என்று 89 டெசிபலில் கேட்கிறவருக்கு, புதன்கிழமை காலைப் பயணத்தோடு அந்த வாரத்தின் பங்கு முழுவதும் தீர்ந்துவிடும். 75 டெசிபலில் கேட்கிறவர் அதே பயணங்களில் வாரம் முழுக்கக் கேட்டாலும் வரம்பின் அருகில்கூட வரமாட்டார். குழந்தைகளுக்கான வரம்பு இன்னும் கீழே, 75 டெசிபல்.

உள்காதில் ஒலியை உணரும் முடிச்செல்கள் ஒரு காதுக்கு ஏறக்குறைய பதினைந்தாயிரம்தான். பெருஞ்சத்தம் அவற்றை வளைக்கும், கடைசியில் கொல்லும். கோழிக்குஞ்சுக்கு இந்தச் செல்கள் அழிந்தாலும் மீண்டும் முளைக்கின்றன என்று 1980-களில் கண்டறிந்தார்கள். மனிதருக்கு முளைப்பதில்லை. பாட்டை நிறுத்திய பிறகும் காதில் ‘ங்ங்’ என்ற ரீங்காரம் நீடித்தால், அது அந்தச் செல்கள் தரும் எச்சரிக்கை. பொருந்தாத ரப்பர் பாஸை மட்டும் திருடுவதில்லை, வயதான காலத்தில் பேரப்பிள்ளையின் மழலையைக் கேட்க வேண்டிய செவித்திறனையும் சிறுகச் சிறுகத் திருடுகிறது.

வாங்கிய பின் செய்ய வேண்டியவை

முதலில் பெட்டியில் உள்ள எல்லா ரப்பர்களையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். இடது காதும் வலது காதும் ஒரே அளவில் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. எதிர்ப்பக்கக் கையைத் தலைக்குப் பின்னால் சுற்றிக் கொண்டுவந்து மடலை மேலாகவும் பின்னாகவும் இழுத்தால் வளைந்த காதுக்குழாய் நிமிரும். அப்போது செருகி, மடலை விடுங்கள். பொருத்தம் சரியென்றால் மின்விசிறிச் சத்தம் சட்டென்று அடங்கும், உங்கள் குரலே உங்களுக்குத் தலைக்குள் கனமாகக் கேட்கும். பாட்டு ஓடும்போது இயர்போனை விரலால் இலேசாக உள்ளே அழுத்திப் பாருங்கள். அழுத்தியதும் பாஸ் ஏறினால் இன்னும் கசிவு இருக்கிறது, அடுத்த அளவு ரப்பருக்குப் போங்கள். எந்த ரப்பரும் பொருந்தாதவர்கள் ஃபோம் ரப்பர் தனியாக வாங்கலாம். விரலுக்கிடையே உருட்டிச் சுருக்கிச் செருகினால் அரை நிமிடத்தில் விரிந்து காதின் வடிவத்தை ஏற்றுக்கொள்ளும்.

நடந்துகொண்டே கேட்கிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. அடைத்த காதில் காலடி ஒவ்வொன்றும் ‘தும் தும்’ என்று அதிரும். எலும்பு வழியாக வரும் அதிர்வு வெளியேற வழியில்லாமல் உள்ளே தங்குவதால் வருவது. அது இயர்போனின் குறை அல்ல. ஒயர் சட்டையில் உரசும் சத்தத்தை, ஒயரைக் காது மடலுக்கு மேலாகச் சுற்றிப் போடுவதன் மூலம் பெருமளவு குறைத்துவிடலாம். ஒயர் முதலில் அறுவது ஜாக்கின் கழுத்தில்தான். ஒயரைப் பிடித்து இழுக்காமல் ஜாக்கைப் பிடித்துக் கழற்றுங்கள். ஒயரைத் தனியாகக் கழற்றி மாற்றும் வகை கிடைத்தால் நூறு இருநூறு கூடக் கொடுக்கலாம். ஒயர் போனாலும் இயர்போன் பிழைக்கும். ஒரு பக்கம் சத்தம் குறைந்தால் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டும் முன் வலையைப் பாருங்கள். பல நேரம் காதழுக்குதான் அடைத்திருக்கும். உலர்ந்த மென்மையான பிரஷ்ஷால், வலை கீழ்நோக்கி இருக்கும்படி பிடித்துத் தட்டிவிட்டால் போதும்.

நன்றாக அடைக்கும் இயர்போன் ரயிலின் இரைச்சலை மட்டுமல்ல, ரயில் வருகிற ஓசையையும் அடைக்கும். தண்டவாளத்தை ஒட்டி நடக்கும்போதும் சாலையைக் கடக்கும்போதும் இரண்டு காதிலிருந்தும் எடுத்துவிடுங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

தம்பி மகள் அந்த இயர்போனை ரிட்டர்ன் போடவில்லை. இடது காதில் பெரிய ரப்பர், வலது காதில் நடுத்தர ரப்பர் என்று இன்றும் அதோடுதான் எழும்பூர் போய்வருகிறாள். மீதி ரப்பர்கள் இருக்கும் உறையைக் கல்லூரிப் பையின் உள்பக்கப் பையில் வைத்திருக்கிறாள். கூடப் பயணம் செய்யும் தோழி யாராவது “பாஸே இல்லடி” என்று முகம் சுளித்தால், அவள் இப்போது முதலில் கேட்பது விலையை அல்ல. “எந்த சைஸ் ரப்பர் போட்டிருக்க?” என்றுதான்.